இடுக்கி மக்களவைத் தொகுதி: கேட்டவர்களுக்குப் பதில்

மூணாறில் பல தேர்தல்களில் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவன் நான். கேரளத்தின் இடுக்கி எம்.பி. தொகுதி பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

கம்பம்: அண்ணே, முதலில் யார் ஜெயித்தது?

இடுக்கி என்ற பெயரில் மக்களவைத் தேர்தல் 1977-ல்தான் நடந்தது. ஜெயித்தவர் காங்கிரஸின் சி.எம்.ஸ்டீபன். டெல்லியில் காங்கிரஸ் ஆட்சியை இழந்த வருடம் அது. மறு வருடம் அவர் மக்களவை எதிர்க்கட்சித் தலைவரானார். 1980-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் எம்.எம்.லாரன்ஸ். அரிவாள் சுத்தியல் இங்கே எம்.பி. தேர்தலில் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான். 1999, 2004 இரண்டிலும் இடது அணிக்காக ஜெயித்த பிரான்சிஸ் ஜார்ஜ், கேரள காங்கிரஸ் என்ற தனிக் கட்சிக்காரர்.

மறையூர்: ஆதிவாசிகள் வாழும் மலை, ஆனால் ரிசர்வ் தொகுதி இல்லையே?

2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் 11 லட்சம் பேரில் பழங்குடியினர் 55,815. நூற்றுக்கு ஐந்து. கேரளச் சட்டமன்றத்திலேயே அவர்களுக்கு இரண்டே தொகுதிகள், மானந்தவாடியும் சுல்தான் பத்தேரியும். இரண்டும் வயநாட்டில். நம் ஏழு சட்டமன்றத் தொகுதிகளில் ரிசர்வ் என்றால் தேவிகுளம் மட்டும், அதுவும் பட்டியல் சாதிக்கு. முதுவர், மன்னான், ஊராளி, பளியர் என்ற பழங்குடிகள் எல்லாரும் சிதறிக் கிடப்பதால் அவர்கள் ஓட்டு முடிவை மாற்றுவதில்லை. அதனாலேயே வேட்பாளர்கள் குடிகளுக்கு, அதாவது அவர்கள் வாழும் மலைக் குடியிருப்புகளுக்கு, ஏறி வருவதும் குறைவு. எனக்கு இது ஆறாத வருத்தம்.

வட்டவடை: இடமலைக்குடியில் ஓட்டு எப்படி எடுக்கிறார்கள்?

நடந்துதான். 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தானது, முழுக்க முதுவர் குடிகள். 2024-ல் படுத்த படுக்கையாய்க் கிடந்த 92 வயதுப் பெரியவர் ஒருவரின் ஓட்டை வாங்க, அதிகாரிகள் 18 கிலோமீட்டர் காட்டுவழி நடந்தார்கள். கட்டில் பக்கத்திலேயே மறைப்பு கட்டி ஓட்டுப் போட வைத்தார்கள். அந்த ஒரு ஓட்டுக்கு நடந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கட்டப்பனை: 2014-ல் காங்கிரஸ் ஏன் கவிழ்ந்தது?

நிலம். இங்கே எல்லாத் தேர்தலுக்கும் அடியில் பட்டயம், அதாவது நிலப் பட்டா, இருக்கும். அந்த வருடம் அது மேலே வந்துவிட்டது. 2009-ல் 74,796 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்த பி.டி.தாமஸ், மேற்குத் தொடர்ச்சி மலையைக் காக்க நிலப் பயன்பாட்டில் கட்டுப்பாடு கேட்ட காட்கில் அறிக்கையை ஆதரித்தார். குடியேற்ற விவசாயிகளுக்கும் கத்தோலிக்க திருச்சபைக்கும் கோபம். அவருக்குப் பாடை கட்டி ஊர்வலமே போனார்கள். அப்புறம் அதே மலை பற்றிய கஸ்தூரிரங்கன் அறிக்கையை ஒட்டி, கட்டுப்பாடு வரும் சூழல் பாதுகாப்புப் பகுதிகளின் பட்டியலில் கேரளத்தின் 123 கிராமங்கள் வந்தன. ஓர் ஏலத்தோட்டக்காரர் பட்டயத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, "இது செல்லுமா, செல்லாதா? அதை மட்டும் சொல்லு" என்று என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. காங்கிரஸ் தாமஸுக்கு சீட் கொடுக்காமல் டீன் குரியாகோஸை நிறுத்தியது. இந்த அறிக்கைகளை எதிர்த்துப் போராடிய ஹைரேஞ்ச் சம்ரக்ஷண சமிதியின் வக்கீல் ஜாய்ஸ் ஜார்ஜ், இடது ஆதரவுடன் சுயேச்சையாக நின்று 50,542 ஓட்டில் ஜெயித்தார்.

அதே இருவர் 2019-லும் 2024-லும் மோதினார்கள். டீன் 1,71,053, அப்புறம் 1,33,727 என்று இரண்டு முறையும் ஜெயித்தார். தாமஸ் 2021 டிசம்பரில் காலமானார். அவர் ஆசைப்படியே அஸ்தியில் ஒரு பங்கு இடுக்கியில் உப்புதோட்டில் அம்மாவின் கல்லறையில் சேர்ந்தது. எதிர்த்தவர்களும் அவர் நேர்மையைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

போடி: தேயிலைத் தோட்டத் தமிழர் ஓட்டு எம்.பி.யைத் தீர்மானிக்குமா?

தேவிகுளத்தில் எம்.எல்.ஏ.வைத் தீர்மானிக்கும். 1958 இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக, இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் லயம் லயமாக, தொழிலாளர் வரிசை வீடுகள் தோறும், பாடியதை எங்கள் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி மாளாது. பீர்மேட்டிலும் உடும்பன்சோலையிலும்கூட நம் ஆட்கள் உண்டு. ஆனால் எம்.பி. கணக்கில் தொடுபுழா, மூவாற்றுப்புழா, கோதமங்கலம் எல்லாம் சேர்கிறதே. அங்கே நம் குரல் கேட்காது.

தேவாரம்: ஊரிலும் ஓட்டு, எஸ்டேட்டிலும் ஓட்டு. இரண்டும் போடலாமா தம்பி?

கூடாது அய்யா. 2024-ல் தேனிக்கு ஏப்ரல் 19, இடுக்கிக்கு 26 என்று தேதி தள்ளி வந்ததால் பலருக்கு இந்தச் சந்தேகம். ஒருவருக்கு ஓர் இடத்தில்தான் பெயர் இருக்கலாம். குடியிருக்கும் ஊரில் வைத்துக்கொண்டு, மற்றதை நீக்கச் சொல்லிப் படிவம் 7 கொடுத்துவிடுங்கள்.