மெர்ல் ஓபரான் எந்த ஊர்க்காரர்? – வாசகர் கேள்வி பதில்

பழைய ஹாலிவுட் நட்சத்திரங்களைப் பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

பெரம்பூர் வாசகி: எங்களுடையது தலைமுறை தலைமுறையாக ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம். "மெர்ல் ஓபரான் நம்ம பெண்தான், அதை வெளியே சொல்லாமலே போய்ச் சேர்ந்தாள்" என்று என் பாட்டி சொல்வார். பழைய சினிமாப் புத்தகங்களிலோ அவர் ஆஸ்திரேலியத் தீவான டாஸ்மேனியாவில் பிறந்தவர் என்று இருக்கிறது. எது உண்மை ஐயா?

உங்கள் பாட்டி சொன்னதுதான் உண்மை. புத்தகங்களில் இருப்பது விளம்பரத்துக்காகப் புனைந்த பிறப்புக் கதை. எஸ்டெல் மெர்ல் தாம்சன் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1911 பிப்ரவரியில் பம்பாயில் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்தார். வீட்டில் அவரைக் குவீனி என்று கூப்பிட்டார்கள். உதவித்தொகையில் ஒரு நல்ல பள்ளியில் சேர்ந்தும், கலப்பினப் பிள்ளை என்று உடன் படித்தவர்கள் செய்த ஏளனம் தாங்காமல் படிப்பை விட்டார். தொலைபேசி இணைப்பு கொடுக்கும் வேலை பார்த்துவிட்டு, 1920களின் இறுதியில் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். லண்டனில் படத் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா அவருக்கு வாய்ப்புக் கொடுத்தார். எட்டாம் ஹென்றி மன்னரைப் பற்றி 1933இல் வந்த கோர்டாவின் படத்தில், மரண தண்டனைக்கு ஆளாகும் அரசி ஆன் பொலினாகச் சில நிமிடங்களே வந்தாலும், அந்த முகத்தை ரசிகர்கள் மறக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டாஸ்மேனியா என்ற பொய் உருவானது. யாரும் போய் விசாரித்துவிட்டு வர முடியாத தூரம் என்பதைத் தவிர அந்த ஊருக்கும் மெர்லுக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பொய்யின் முழுப் பாரத்தையும் சுமந்தவர் ஷார்லட் என்ற பெண்மணி. இலங்கை வம்சாவளியைச் சேர்ந்த அவரையே மெர்ல் தன் தாயாக நினைத்து வளர்ந்தார். உண்மையில் ஷார்லட் அவருடைய பாட்டி. ஷார்லட்டின் மகள் கான்ஸ்டன்ஸ் சிறு வயதிலேயே பெற்ற பிள்ளைதான் மெர்ல். லண்டன் வீட்டுக்கு விருந்தினர் வந்தால், ஷார்லட் வேலைக்காரம்மாவாக நடந்துகொள்ள வேண்டியிருந்தது. 1937இல் அவர் இறந்த பிறகு, பழைய புகைப்படத்தைக் கொடுத்து அவருடைய உருவத்தை ஓவியமாக வரையச் செய்த மெர்ல், அந்த ஓவியத்தில் அவருடைய நிறத்தை வெளுப்பாக்கச் சொன்னார். வளர்த்தவளின் படம் வீட்டில் மாட்டியிருக்கவும் வேண்டும், பார்ப்பவர்களுக்கு உண்மை தெரியவும் கூடாது என்ற அந்த இக்கட்டை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அதற்காக மெர்லைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சீன விவசாயக் குடும்பத்தைப் பற்றி 1937இல் வந்த படத்தை ஹாலிவுட்டில் எடுத்தபோது, கதாநாயகனாக நடித்தவர் வெள்ளையர் என்பதால், மனைவி வேடம் சீன வம்சாவளி நடிகை அன்னா மே வாங்குக்குக் கிடைக்கவில்லை. ஒப்பனையால் சீனப் பெண்ணாக மாற்றப்பட்ட லூயிசு ரெய்னர் அந்த வேடத்தில் நடித்து ஆஸ்கரும் பெற்றார். இந்தியர்கள் பொதுவாக அமெரிக்கக் குடியுரிமை பெறுவதற்கே 1946இல்தான் சட்டம் வழிவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் பம்பாய் என்ற ஒரு சொல் வெளியே வந்திருந்தால் மெர்லின் தொழில் அன்றோடு முடிந்திருக்கும். 1935இல் வந்த படத்துக்காக அவர் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றபோது, ஆசியப் பெண் ஒருவர் அந்த இடத்துக்கு வந்திருக்கிறார் என்பது அங்கே கைதட்டியவர்களுக்குத் தெரியாது.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1937இல் நேர்ந்த கார் விபத்தில் அவர் முகத்தில் தழும்புகள் விழுந்தன. பிற்பாடு அவருடைய கணவரான ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட், அவை தெரியாதிருக்கக் கேமராவை ஒட்டியே ஒரு சிறு விளக்கைப் பொருத்தினார். 'ஓபி' என்று மெர்லின் பெயராலேயே அழைக்கப்பட்ட அந்த விளக்கு ஒளிப்பதிவாளர்களிடையே நெடுநாள் புழக்கத்தில் இருந்தது.

1978இல் டாஸ்மேனியாவின் தலைநகரான ஹோபார்ட், தன் ஊர்ப் பெண் என்று அழைத்து அவருக்கு வரவேற்புக் கொடுத்தது. அங்கே சங்கடத்தில் தவித்த மெர்ல், அடுத்த ஆண்டே காலமானார். 1983இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றில்தான் உண்மை பரவலாகத் தெரிந்தது. அச்சில் வருமுன்பே அது உங்கள் வீட்டில் தெரிந்திருந்தது என்றால், பாட்டி சொன்ன மற்ற கதைகளையும் தயவுசெய்து எழுதி வையுங்கள்.

திருவொற்றியூர் வாசகர்: நடிகை விவியன் லீயும் இந்தியாவில் பிறந்தவர்தானா?

ஆம். 1913 நவம்பர் 5ஆம் தேதி டார்ஜிலிங்கில் பிறந்தார். அவர் அதை மறைக்கவில்லை.

கொருக்குப்பேட்டை வாசகர்: யானைப் பாகன் சாபு நம் பக்கத்துப் பையன் என்கிறார்களே, அவர் கடைசியில் என்ன ஆனார்?

மைசூரில் யானைப் பாகனின் மகனாக 1924இல் பிறந்த சாபுவை, 1937இல் வெளியான யானைப் படத்துக்காகக் கண்டெடுத்து லண்டனுக்கு அழைத்துச் சென்றதும் அதே கோர்டாவின் நிறுவனம்தான். ஒருத்தியின் இந்தியாவை மறைத்து விற்ற அதே நிறுவனம், இன்னொருவனின் இந்தியாவைத் தலைப்பாகையோடு காட்டி விற்றது. இதை நான் எங்கும் சொல்லத் தவறுவதில்லை. சாபு நடித்து 1938இல் வந்த எல்லைப்புற வீரசாகசப் படம், ஆங்கிலேய ஆட்சியைத் தூக்கிப் பிடிக்கிறது என்று பம்பாயிலும் நம் சென்னையிலும் எதிர்ப்பைச் சந்தித்தது. பிறகு ஹாலிவுட் சென்று 1944இல் அமெரிக்கக் குடிமகனான சாபு, குண்டுவீச்சு விமானத்தின் பின்புறத் துப்பாக்கி வீரராகப் போரிட்டுச் சிறப்புப் பதக்கமும் பெற்றார். போர் முடிந்து திரும்பியவருக்குக் காட்டுப் பையன் வேடத்தைத் தாண்டிப் பெரிதாக எதுவும் கொடுக்க அங்கே ஒருவரும் இல்லை. 1963 டிசம்பரில் மாரடைப்பால் இறந்தபோது அவருக்கு வயது 39.

வண்ணாரப்பேட்டை வாசகர்: எங்கள் பக்கத்துப் பிராட்வே தியேட்டரில் 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டதைச் சொல்லும் பெரியவர்கள், உடனே லட்சுமிகாந்தன் கொலை வழக்குக்கும் வந்துவிடுவார்கள். ஹாலிவுட்டிலும் அப்படிப்பட்ட கிசுகிசு எழுத்தாளர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள், ஆனால் அங்கே அது வேறு விதமாக நடந்தது. லட்சுமிகாந்தன் தன் பத்திரிகையில் நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பகை தேடிக்கொண்டவர். 1944 நவம்பரில் வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகும்போது குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அந்த வழக்கில் சிறை சென்ற 'ஹரிதாஸ்' கதாநாயகன் தியாகராஜ பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போராடி, 1947இல்தான் விடுதலையானார்கள். ஹாலிவுட்டின் கிசுகிசு எழுத்தாளர்களான லூயெல்லா பார்சன்ஸும் ஹெட்டா ஹாப்பரும் இப்படி வெளியே நின்று கல்லெறிந்தவர்கள் அல்லர். ஸ்டுடியோக்கள் தாங்கள் பரப்ப விரும்பியதை அவர்களிடம் கொடுத்தன. மறைக்க விரும்பியதற்கு அவர்களுடைய மௌனத்தைப் பெற்றன. ஒப்பந்தத்தில் ஒழுக்க விதி என்ற ஒரு பிரிவு இருந்ததால், இவர்கள் எழுதும் இரண்டு வரியில் ஒரு நடிகையின் பிழைப்பே போய்விடக்கூடும். ஹெட்டா தன் பெவர்லி ஹில்ஸ் மாளிகையைப் பயம் கட்டிய வீடு என்று தானே வர்ணித்தார்.

அந்த மௌனத்துக்கு விலை கொடுத்தவர்களில் ஒரு குழந்தையும் உண்டு. நடிகை லொரெட்டா யங், நடிகர் கிளார்க் கேபிளின் குழந்தையை 1935 நவம்பரில் ரகசியமாகப் பெற்றெடுத்தார். சில மாதங்கள் அனாதை இல்லத்தில் விட்டு வைத்து, பிறகு தத்தெடுத்ததாக உலகத்துக்குச் சொல்லித் தன் மகளையே வீட்டுக்குக் கொண்டு வந்தார். ஜூடி என்ற அந்தச் சிறுமிக்குக் கேபிளைப் போலவே விடைத்த காதுகள்; அவை தெரியாதிருக்கத் தொப்பி போட்டார்கள், ஏழு வயதில் அறுவை சிகிச்சையும் செய்தார்கள். அவளுக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, பள்ளி விட்டு வீட்டுக்கு வந்தால் கூடத்தில் கேபிள் நிற்கிறார். படிப்பைப் பற்றியும் தோழிகளைப் பற்றியும் விசாரித்துவிட்டு, நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துப் போய்விட்டார். தன் தந்தை அவர் என்பதை ஜூடி தாயின் வாயால் கேட்டது 31 வயதில். கேபிள் இறந்து அப்போது சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹாலிவுட்டில் பாதிப் பேருக்கு முன்பே தெரிந்த செய்தி அது.

இதைக் காதல் கதையாக எழுதும் வழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த உறவு தன் இசைவோடு நடந்ததல்ல என்று லொரெட்டா முதுமையில் தன்னிடம் சொன்னதாக அவருடைய மருமகள் 2015இல் வெளிப்படுத்தியிருக்கிறார். அந்தக் காலக் கிசுகிசுவில் இனிப்பாக எழுதப்பட்ட பலவற்றையும் இதை மனத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

தண்டையார்பேட்டை கல்லூரி மாணவி: வைஃபையைக் கண்டுபிடித்தவர் நடிகை ஹெடி லமார் என்று கைப்பேசியில் ஒரு செய்தி சுற்றுகிறது. நம்பலாமா?

அப்படியே நம்ப வேண்டாம். அதற்குள் இருக்கும் உண்மையே போதுமான அளவு பெரியது. வியன்னாவில் பிறந்த ஹெடியின் முதல் கணவர் ஆயுத உற்பத்தியாளர். அந்த மணவாழ்க்கையை உதறிவிட்டு ஹாலிவுட் வந்த ஹெடி, போர்க்காலத்தில் ஜார்ஜ் ஆன்தைல் என்ற இசையமைப்பாளருடன் சேர்ந்து ஒரு யோசனையை உருவாக்கினார். கடலுக்கடியில் பாயும் டார்பிடோவை வானொலி அலையால் இயக்கினால், எதிரி அதே அலைவரிசையில் குறுக்கிட்டு அதைத் திசை திருப்பிவிடலாம். அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் ஒரே நேரத்தில் அலைவரிசையை மாற்றிக்கொண்டே போனால் எதிரியால் பின்தொடர முடியாது. இரண்டும் ஒத்து மாறுவதற்கு, தானாக வாசிக்கும் பியானோவில் ஓடும் துளையிட்ட காகிதச் சுருளைப் பயன்படுத்தினார்கள். அவர்கள் வைத்த அலைவரிசைகள் 88. பியானோவின் கட்டைகளும் 88.

1942 ஆகஸ்டில் காப்புரிமை கிடைத்தது. கடற்படை அதை அப்போது ஏற்கவில்லை. போர்நிதிப் பத்திரங்களை விற்கத் தன் புகழைத் தந்ததுதான் ஹெடியின் போர்ப்பணியாக வெளியே தெரிந்தது. அலைவரிசை தாவும் கருத்து அவருக்கு முன்பும் சிலருக்குத் தோன்றியதுதான். இன்றைய புளூடூத் அந்த முறையில் இயங்குகிறது. இன்றைய வைஃபை வேறு முறையில் இயங்குகிறது. ஆகவே வைஃபையின் தாய் என்பது மிகை. 1997இல் இணைய உரிமைகளுக்கான ஓர் அமெரிக்க அமைப்பு அவரைப் பாராட்டி விருது அளித்தபோது அவருக்கு 80 வயது கடந்திருந்தது. காப்புரிமை நடப்பில் இருந்த காலத்தில் அதனால் அவருக்கு ஒரு காசும் வரவில்லை. அந்த ஆவணத்தில் இருப்பது நட்சத்திரப் பெயர் அல்ல, அப்போதைய குடும்பப் பெயரான ஹெடி கீஸ்லர் மார்க்கி. அமெரிக்கக் காப்புரிமை எண் 2292387 என்று கைப்பேசியில் தேடினால் வரைபடங்களோடு முழுவதையும் நீங்களே படிக்கலாம்.