நெடுஞ்சாலையோர மலையடிவாரச் சிற்றூரில் வாழ்வது எப்படி இருக்கும்?

பணி ஓய்வுக்குப் பிறகு நெடுஞ்சாலையை ஒட்டிய மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் வீடு வாங்கிக் குடியேற விரும்புவதாகவும், அத்தகைய ஊரில் வாழ்ந்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் பிறந்து வளர்ந்ததும், என் பெற்றோர் இன்றும் வாழ்வதும் அப்படிப்பட்ட ஊரில்தான். கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், ஆரல்வாய்மொழிக்கும் முப்பந்தலுக்கும் இடையில், மலைக்கும் சாலைக்கும் நடுவே முப்பதுக்குச் சற்றுக் கூடுதலான வீடுகள் உள்ளன. ஊர்ப் பெயரைச் சொன்னால் பேருந்து நடத்துநருக்குத் தெரியாது என்பதால், நாங்கள் முப்பந்தலுக்கே சீட்டு எடுப்போம்.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலக்காட்டிலும் செங்கோட்டையிலும் இருப்பதைப் போன்ற ஒரு கணவாய் ஆரல்வாய்மொழியிலும் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரில் முட்டி, இந்த இடைவெளியைக் கண்டவுடன் அதற்குள் நெருக்கியடித்துப் புகுவதால், மற்ற இடங்களில் தென்றலாக இருப்பது எங்கள் ஊரில் ஆளைத் தள்ளும் வேகத்தை அடைந்துவிடுகிறது. 1980களின் பிற்பகுதியிலிருந்து இங்கே காற்றாலைகள் எழும்பத் தொடங்கியதற்கு இதுவே காரணம். இன்று முப்பந்தல் வட்டாரத்துக் காற்றாலைகளின் மொத்தத் திறன் சுமார் 1500 மெகாவாட் என்று கணக்கிடுகிறார்கள். ஆனால் காற்றாலைகள் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே ஆரல்வாய்மொழியில் உள்ள மலைக்குக் காற்றாடிமலை என்ற பெயர் இருந்தது. கத்தோலிக்க மதத்துக்கு மாறிய தேவசகாயம் பிள்ளை 1752ஆம் ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்டது அந்த மலையில்தான். 2022இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டது முதல், அம்மலையைத் தேடி வெகு தொலைவிலிருந்தெல்லாம் வருகிறார்கள்.

வைகாசிக் கடைசியில் தொடங்கும் காற்று புரட்டாசி வரை ஓயாது. அந்த மாதங்களில் எங்கள் வீட்டின் மேற்குச் சன்னல்களை நாங்கள் திறப்பதில்லை. ஓடுகளின் மேல் வரிசையாகக் கல் ஏற்றி வைத்திருப்போம். துணி காயப்போடும் கொடியில் கவ்வி நிற்காது என்பதால், இரண்டு கயிறுகளை முறுக்கி, அந்த முறுக்குக்குள் துணியின் ஓரத்தைச் செருகி வைப்பார் என் அம்மா. சோற்றில் மணல் நெறுநெறுக்காத நாள் ஆடி மாதத்தில் அபூர்வம். உறவினர்கள் வந்தால் இரண்டாம் நாளே தலைவலிக்கிறது என்பார்கள். எங்களுக்கோ ஐப்பசியில் காற்று சட்டென்று நின்றுபோகும் அந்த ஓரிரு நாட்களில்தான் உறக்கம் பிடிக்காது.

இதே கணவாய் மழையையும் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள் பணகுடி, காவல்கிணறு வரை பனைமரங்களையும் உடைமரங்களையும் செம்மண் நிலத்தையும் பார்த்துக்கொண்டே வந்து, ஆரல்வாய்மொழியைத் தாண்டித் தோவாளை நெருங்கும்போது வயலும் தென்னையுமாக நாஞ்சில் நாடு விரிவதைக் காணலாம். எங்கள் ஊர் இந்த இரண்டுக்கும் சரியாக இடையில் கிடக்கிறது. மேற்கே ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில் மழை கொட்டுவது கண்ணுக்குத் தெரியும். எங்கள் முற்றத்தில் தூறல் மட்டும் விழும். மலையடிவாரம் என்றாலே ஓடையும் பசுமையும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மலையின் எந்தப் பக்கம் என்று கேட்பது முக்கியம்.

இனி சாலை. காவல்கிணற்றில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஸ்ரீநகரில் தொடங்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அங்கிருந்து கன்னியாகுமரி நோக்கித் தெற்கே போய்விட, நாகர்கோவிலுக்கும் அதற்கப்பால் கேரளத்துக்கும் செல்லும் வண்டிகள் எங்கள் கணவாய் வழியாகத் திரும்புகின்றன. முன்பு 47பி என்றும் இப்போது 944 என்றும் எண்ணிடப்பட்டிருக்கும் இந்தச் சாலையில், ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் நெல்லை மாவட்டத்துக் குவாரிகளிலிருந்து கேரளத்தை நோக்கி வந்துகொண்டே இருக்கும். எங்கள் வீடுகள் சாலையின் வடபுறம். குடிநீர்க் குழாய் தென்புறம். நான் பள்ளியில் படித்த ஆண்டுகள் முழுவதும், ஒவ்வொரு மாலையும், இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாகப் பெண்கள் சாலையோரம் வரிசையாக நின்று, இரண்டு லாரிகளுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில் கடப்பதைப் பார்த்திருக்கிறேன். போகும்போது வெறுங்குடம் என்பதால் ஓடிவிடலாம். திரும்பும்போது ஓட முடியாது. முன்னால் வரும் லாரியைப் பார்க்காதே, அதன் பின்னால் மறைந்து வருவதைப் பார் என்று என் ஆச்சி எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். மூன்று முறை மனு கொடுத்த பிறகுதான் வடபுறத்துக்கு ஒரு குழாய் வந்தது. அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா ஒருவரை நாங்கள் இழந்திருந்தோம். இதை எழுதும்போதும் என் மனம் பொறுக்கவில்லை.

வெளியூர்க்காரர்கள் எல்லோரும் சொல்வது, சாலை வாசலிலேயே இருக்கிறதே, உங்களுக்கென்ன குறை என்பதுதான். ஒரு பாதி உண்மை. நாகர்கோவில் அரை மணி நேரப் பயணம். 108 ஆம்புலன்ஸ் வழி தெரியாமல் தடுமாறுவதில்லை. என் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த இரவில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவரை நேரத்தோடு கொண்டுசேர்க்க முடிந்ததற்கு இந்தச் சாலையே காரணம். உள்மலைக் குடியிருப்புகளில் இருப்பவர்களுக்கு இது வாய்க்காது என்பதை நான் மறக்கவில்லை. மறுபாதி என்னவென்றால், கண்முன்னே நூறு பேருந்துகள் போனாலும் நமக்காக நிற்பவை மிகச் சில. எனது பிளஸ் டூ தேர்வின் முதல் நாள் காலையில், எங்கள் நிறுத்தத்தில் நிற்க வேண்டிய பேருந்து நிற்காமல் போனது; அடுத்ததும் நிற்கவில்லை. என் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலையின் நடுவிலேயே போய் நின்றுவிட்டார். நின்றது ஒரு செங்கல் லாரி. சூளையிலிருந்து அப்போதுதான் ஏற்றிய கல்லின் சூடு ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உள்ள தகட்டில் தெரிந்தது. ஆரல்வாய்மொழியில் பள்ளி வாசலில் இறங்கியபோது என் வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்கச் செம்பொடி. அந்த ஓட்டுநர் காசு வாங்கவில்லை.

நிற்காத சாலையில் எல்லா வண்டிகளும் வேகம் குறைக்கும் ஓரிடம் உண்டு. அது முப்பந்தல் இசக்கியம்மன் கோயில். கையில் குழந்தையோடு இருக்கும் அந்த அம்மனைக் கும்பிடாமல் கணவாயைக் கடப்பதற்கு லாரி ஓட்டுநர்கள் தயங்குவார்கள். இறங்க நேரமில்லாதவர்கள் ஒலிப்பானை அழுத்திவிட்டு, சன்னல் வழியாகக் கைகூப்பிக்கொண்டு போவார்கள். பிள்ளை வரம் வேண்டியவர்கள் தொட்டில் கட்டுவார்கள். என் ஆச்சி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கோயிலுக்கு அருகில் எலுமிச்சம்பழமும், தோவாளைச் சந்தையிலிருந்து வரும் பூவும், கற்பூரமும் விற்றார். இரவு பத்து மணிக்கும் ஓட்டுநர்கள் வருவார்கள். பழத்தை வாங்கிச் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் முன், ஆச்சியிடமே கொடுத்து, "ஆச்சி, நீங்க தொட்டுத் தாங்க" என்பார்கள். அவரும் பழத்தைக் கண்ணில் ஒற்றி, "பைய போ மக்கா, பிள்ளைய வீட்டுல தேடும்" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பார். ஆச்சி இறந்த பதினாறாம் நாள், எங்களுக்கு முன்பின் தெரியாத நான்கு ஓட்டுநர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் கிருஷ்ணகிரிக்காரர்.

முப்பந்தல் என்ற பெயருக்கு மூவேந்தரும் பந்தலிட்டுக் கூடிய இடம் என்று ஊரில் கதை சொல்வார்கள். அதைவிட அண்மைய வரலாறு ஆச்சியின் நினைவிலேயே இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேரும் வரை ஆரல்வாய்மொழி திருவிதாங்கூர்ப் பக்கத்தின் வாசல். 1809இல் திருவிதாங்கூரின் தலைமை அமைச்சராக இருந்த வேலுத்தம்பி தளவாயின் படையை முறியடித்து ஆங்கிலேயர் உள்ளே நுழைந்ததும் இந்த வழியாகத்தான். ஆச்சி சிறுமியாக இருந்தபோது சோதனைச் சாவடியில் மாட்டுவண்டிகள் வரிசையாக நிற்குமாம். அப்படி நின்ற வண்டிக்காரர்களுக்குப் பதநீர் விற்றே அவருடைய அம்மா குடும்பத்தை நடத்தினார். எல்லை போனது; சாவடி போனது; பிறகு பதநீருக்கும் ஆளில்லாமல் போனது.

நிலத்தின் கதை சற்று வருத்தமானது. 1990களில் காற்றாலைக்கு நிலம் கேட்டு வந்தவர்களிடம், பனையும் முள்ளும் தவிர வேறொன்றும் விளையாத பூமிக்கு இவ்வளவு பணமா என்று மகிழ்ந்து என் பாட்டா உட்படப் பலரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பணத்தில் இரண்டு அத்தைகளின் திருமணம் நடந்தது; அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஊருக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் காவலாளி வேலைதான். ஆடு மேய்த்த பொட்டல்களில் வேலி விழுந்ததால் ஆடுகளும் குறைந்தன. இன்று இளைஞர்கள் செங்கற்சூளைக்கும், தோவாளைப் பூச்சந்தைக்கும், நாகர்கோவில் கடைகளுக்கும் போகிறார்கள். என்னைப் போன்றோர் சென்னைக்கு வந்துவிட்டோம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் ஊரில் ஒன்பது பேர் என்று அம்மா போன வாரம் விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

இவ்வளவு சொன்ன பிறகும், வேண்டாம் என்று உங்களைத் தடுக்க எனக்கு மனமில்லை. ஆடிச் செவ்வாயில் ஔவையாரம்மன் கோயிலுக்குக் கொழுக்கட்டை அவிக்கப் போகும் பெண்கள், புதிதாக வந்த வீட்டுக்காரியையும் கூப்பிட்டுக்கொண்டுதான் போவார்கள். முப்பது வீட்டில் ஒரு வீட்டு விளக்கு எரியவில்லை என்றால் மறுநாள் காலையில் யாராவது கதவைத் தட்டுவார்கள். ஓய்வு பெற்றுத் தனியாக இருக்கப்போகிறவருக்கு இதைவிடப் பெரிய காவல் எனக்குத் தெரியவில்லை.

வீடு பார்க்க மாசியிலோ பங்குனியிலோ வராதீர்கள். அப்போது எங்கள் ஊர் அழகாகவே இருக்கும். ஆடியில் வாருங்கள். காரில் வராமல், நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்திலிருந்து மாலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, எந்தப் பேருந்து உங்களை இறக்கிவிடுகிறது என்று பாருங்கள். விற்பவரிடம் பட்டாவைக் கேட்பதற்கு முன், குடிநீர்க் குழாய் சாலையின் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். அடுப்படி கிழக்கே இருக்கிறதா, மேற்குச் சுவரில் வாசல் வைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். மேற்கில் வாசல் இருந்தால், அந்த வீட்டைக் கட்டியவர் இந்த ஊர்க்காரர் அல்லர் என்று பொருள்.