விளிம்பில் ஒரு ராமசாமி: பழைய பதக்கங்கள் பற்றிக் கேள்வி பதில்

பழைய ராணுவப் பதக்கம் பற்றி எதைக் கேட்டாலும் சொல்கிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒன்றுதான்: "இது எங்கள் தாத்தாவுடையதா?" ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வேலூரிலிருந்து: வெள்ளிப் பதக்கம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் துணியில்லாமல் குதிரை மேல் ஒருவன், 1914, 1918 என்ற வருடங்கள். பெயர் எங்கே இருக்கும்?

உங்களுடையது பிரிட்டிஷ் வார் மெடல். முதல் உலகப் போருக்கானது. ராஜா ஐந்தாம் ஜார்ஜ். பெயர் முகத்தில் இருக்காது. ரூபாய் நாணயத்தில் ரம்பப்பல் மாதிரி கோடு ஓடுமே, அந்த விளிம்பில் இருக்கும். நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு என்ற வரிசையில் ஆங்கில எழுத்தில் அடித்திருப்பார்கள். தேய்ந்து போயிருந்தால் இருட்டு அறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் போட்டோ எடுங்கள். மெல்லிய தாளை விளிம்பில் சுற்றிப் பென்சிலால் லேசாகத் தேய்த்தாலும் எழுத்து எழும். தயவுசெய்து புளி போட்டு விளக்காதீர்கள். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தே பல வீடுகளில் தாத்தாவை அழித்துவிட்டார்கள்.

திருநெல்வேலியிலிருந்து: அதே வெள்ளிப் பதக்கம். விளிம்பில் "…14 சிப்பாய் ராமசா… 63" என்று மட்டும் தெரிகிறது. எங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் சாமிக்கண்ணு. பட்டாளத்தில் ராமசாமி என்று கொடுத்துச் சேர்ந்தார் என்கிறார்கள். போரில் இறந்தவர்கள் பட்டியலில் ஒரு ராமசாமி இருக்கிறார். அவர்தானே?

கொஞ்சம் பொறுங்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா எப்போது காலமானார்? சுதந்திரத்துக்குப் பிறகு என்று நீங்களே கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் முதல் உலகப் போர்ப் பட்டியலில் 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை இறந்தவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். அதற்குப் பிறகும் உயிரோடு இருந்தவருக்கு அங்கே இடமில்லை. ஆகவே அந்த ராமசாமி யாராக இருந்தாலும் சாமிக்கண்ணு இல்லை.

அடுத்து "63". சிப்பாய் என்று இருப்பதால் இது பெரும்பாலும் 63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்ற காலாட்படை. பெயரைப் பார்த்ததும் நம்மூர்ப் பட்டாளம் என்று மனசு துள்ளும். பெயர் பாளையங்கோட்டை என்பதால் ஆளும் அந்தப் பக்கத்துக்காரர் என்று ஆகிவிடாது, ஆற்காட்டுக்காரராகவும் இருக்கலாம். இந்தப் படை 1914 நவம்பரில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கியது. இன்றைய டான்சானியா. அங்கே பிரிட்டிஷ் தரப்பு மோசமாகத் தோற்றது. பழியில் பெரும்பங்கைச் சிப்பாய்கள் தலையில் கட்டினார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் கப்பலில் அடைத்துக் கொண்டுபோய்க் கரையில் தள்ளியவர்களைக் கேட்பாரில்லை. டாங்காவில் இருந்தவர் என்றால் அவருக்கு 1914-15 ஸ்டார் என்ற வெண்கல நட்சத்திரமும் வந்திருக்க வேண்டும். வீட்டில் நட்சத்திரம் இருந்ததாக யாராவது சொல்கிறார்களா? இல்லையென்றால் ஒன்று தொலைந்திருக்கும், அல்லது இந்த ஆள் பிறகு சேர்ந்தவர்.

பெயரை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். சென்னை மாகாணத்துப் பட்டாளத்தில் ராமசாமிக்கும் முனுசாமிக்கும் பஞ்சமா? அடையாளம் நம்பரில்தான் இருக்கிறது. அதுவும் படைப்பிரிவோடு சேர்த்துப் பார்த்தால்தான், ஏனென்றால் ஒவ்வொரு பிரிவும் தனித்தனியாக நம்பர் போட்டது. முன்னால் அழிந்த இலக்கங்களை முதலில் மீட்டெடுங்கள்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வீட்டில் யாராவது வட்டிக்குக் கொடுத்து வாங்கினார்களா? வெள்ளி என்பதால் பதக்கங்கள் அடகுக்குப் போய் மீட்கப்படாமலே கிடந்திருக்கின்றன. வேறு பெயரில் பட்டாளத்தில் சேர்ந்தவர்களும் உண்டுதான். இரண்டில் எது என்று சொல்ல இப்போது கையில் இருப்பது போதாது. ராமசாமி என்ற பெயரில் ஒரு பென்ஷன் தாளோ டிஸ்சார்ஜ் தாளோ டிரங்குப் பெட்டியில் அகப்பட்டால் மறுபடி எழுதுங்கள்.

சென்னையிலிருந்து: எம்டனோடு சண்டை போட்டதற்காக எங்கள் பாட்டனாருக்குக் கொடுத்த பதக்கம் என்கிறார் அப்பா.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அதற்கென்று தனிப் பதக்கம் கிடையாது. அதை மடக்கியது ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல், நவம்பர் 9இல், கோகோஸ் தீவருகே. பாட்டனார் வேறெங்கோ வேலை பார்த்திருப்பார், பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல எம்டன் கதை வசதியாக இருந்திருக்கும்.

கோலாரிலிருந்து: அதே பதக்கம், ஆனால் வெண்கலத்தில். போலியா?

இல்லை. ஆயுதம் ஏந்தாத தொழிலாளர் படைக்காரர்களுக்கு வெண்கலத்தில் கொடுத்தார்கள். வெள்ளியைவிட இதுதான் அபூர்வம்.

மதுரையிலிருந்து: பர்மா ஸ்டார் பின்னால் தாத்தா பெயர் இருக்கிறது. இங்கிலாந்துக்காரர் ஒருவர், "எங்கள் ஊரில் பெயர் போடவே இல்லை, இது பிற்பாடு வெட்டியது" என்கிறார்.

அவர் ஊரைப் பற்றி அவர் சொல்வது சரி. இரண்டாம் உலகப் போர் நட்சத்திரங்களை பிரிட்டன் பெயரில்லாமல் கொடுத்தது, இந்தியா பெயர் பொறித்தே கொடுத்தது. உங்களுக்கு வேலை சுலபம்: மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, அங்குள்ள ஆவண அலுவலகத்துக்கு நம்பரோடு எழுதுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் வழி சொல்வார்கள்.

ஆரணியிலிருந்து: பழைய இரும்புக் கடையில் உள்ளங்கை அகல வெண்கலத் தட்டு ஒன்று கிடைத்தது. சிங்கம், சூலம் பிடித்த பெண், "முனிசாமி" என்ற பெயர். யார் இவர்?

முதல் உலகப் போரில் இறந்தவரின் குடும்பத்துக்கு அனுப்பிய நினைவுத் தட்டு அது, சுமார் 12 சென்டிமீட்டர் அகலம். எல்லோரும் சமம் என்று காட்டப் பதவி, நம்பர், படை எதுவும் போடாமல் பெயரை மட்டும் வார்த்தார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் தகப்பன் பெயரும் இல்லாத ஒற்றைப் பெயர்க்காரரை அது காணாமலே அடித்துவிட்டது. வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டும் உதவாது: அதில் 277 பேர் போருக்குப் போனார்கள், 14 பேர் இறந்தார்கள் என்று இருக்கிறது, பெயர்கள் இல்லை. உங்களுக்கு ஒரே வழி, ஆணையத்தின் பட்டியலில் முனிசாமிகளை எடுத்து, தகப்பன் பெயரும் கிராமமும் தாலுகாவும் குறித்திருப்பவர்களில் ஆரணிப் பக்கத்துக்காரர் உண்டா என்று பார்ப்பது. எழுத்துக்கூட்டலை நாலு விதமாக மாற்றித் தேடுங்கள். இருந்தாலும் அவர் வெறும் சாத்தியம்தான்.

கோவையிலிருந்து: விற்றால் என்ன கிடைக்கும்?

வெள்ளிக்கு எடை போட்டால் ஒரு அவுன்ஸ் கணக்கு. விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் பாடு. ஆனால் நகைக்கடைக்கு எடுத்துப் போகுமுன் விளிம்பைச் சுற்றிலும் போட்டோ எடுத்துவிடுங்கள். ஆசாரி உரைகல்லில் உரசிப் பார்ப்பது அந்த விளிம்பைத்தான்.