சின்ன காருக்கு எந்த கன்வெர்டிபிள் கார் சீட் வாங்கலாம்?

நீங்கள் கேட்டிருப்பது: குழந்தைக்கு ஏழு மாதம், எட்டு கிலோ. பழைய ஆல்டோ, ஐசோஃபிக்ஸ் கொக்கி (பெல்ட் இல்லாமலே குழந்தை சீட்டைக் காரோடு மாட்டும் இரும்புப் பிடி) கிடையாது. முதலில் பின்னோக்கி, பிறகு முன்னோக்கித் திருப்பி வைத்துக்கொள்ளும் கன்வெர்டிபிள் சீட் அதற்குள் அடங்குமா, இல்லை காரையே மாற்ற வேண்டுமா?

காரை மாற்ற வேண்டாம். எங்களுடையது 2013 வேகன் ஆர், ஒன்றரை மீட்டர்கூட அகலம் வராத வண்டி. ஐசோஃபிக்ஸ் அதிலும் இல்லை. இரண்டு வருடமாக என் மகன் அதில்தான் பின்னோக்கி உட்கார்ந்து கோவைக்கும் கோபிக்கும் போய் வருகிறான். ஆனால் நான் முதலில் வாங்கிய சீட் எங்கள் காரில் ஏறவே இல்லை. அதைத் திருப்பி அனுப்பி, பிடித்தம் போகப் பணம் வாங்கி, இரண்டாவதாக ஒன்றைத் தேடியபோதுதான் எதைப் பார்த்திருக்க வேண்டும் என்று புரிந்தது.

நான் அகலத்தை மட்டும் அளந்திருந்தேன். சீட் 44 செ.மீ., அது உட்காரப் பின்னால் தாராளமாக இடம் இருந்தது, வாங்கிவிட்டேன். சின்ன காரில் தகராறு செய்வது அகலம் இல்லை, நீளம். குழந்தையின் முகம் பின் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி வைக்கும்போது சீட் கிட்டத்தட்ட சாய்வு நாற்காலி போல நீண்டுகொள்கிறது. அதன் தலைப்பக்கம் முன் சீட்டின் முதுகில் போய் முட்டும். நாங்கள் முன் சீட்டை நகர்த்தி நகர்த்தி, கடைசியில் என் கணவர் அதில் உட்கார்ந்தால் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும் நிலை வந்துவிட்டது. அப்படி ஒருவரை உட்கார வைத்து நெடுஞ்சாலையில் போவதும் ஆபத்துதானே.

அடுத்தது பெல்ட். ஐசோஃபிக்ஸ் இல்லாத காரில் சீட்டைப் பிடித்து நிறுத்துவது காரின் சீட் பெல்ட் மட்டும்தான். பின்னோக்கி வைக்கும்போது அந்த பெல்ட் சீட்டைச் சுற்றி நீண்ட தூரம் போய் வர வேண்டும். எங்கள் காரின் பெல்ட்டை முழுவதும் இழுத்தும் பக்கிளுக்கு நான்கு விரல் முன்னாலேயே நின்றுவிட்டது. எந்த விளம்பரத்திலும் இதைச் சொல்ல மாட்டார்கள். உங்கள் காரின் பின் பெல்ட்டை இன்றைக்கே முழுக்க இழுத்து எவ்வளவு நீளம் வருகிறது என்று பாருங்கள். அது தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்தானா என்றும் பாருங்கள். பழைய சின்ன கார்களில் நடு இருக்கைக்கு இடுப்பு பெல்ட் மட்டும் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. நடுவில் வைப்பதுதான் பாதுகாப்பு என்று படித்துவிட்டு இடுப்பு பெல்ட்டில் கட்டிவிடாதீர்கள். மூன்று முனை பெல்ட்டுக்கென்று செய்த சீட் அதில் நிற்காது.

இரண்டாவது முறை காரை எடுத்துக்கொண்டே கடைக்குப் போனோம். கோவை ஆர்.எஸ்.புரத்தில் குழந்தைப் பொருட்கள் விற்கும் ஒரு கடை. காட்சிக்கு வைத்திருந்த சீட்டைக் காரில் வைத்துப் பார்க்கலாமா என்று தயங்கிக்கொண்டுதான் கேட்டேன். கடைப் பையன் அவனே தூக்கிக்கொண்டு வந்தான். மூன்று சீட் வைத்துப் பார்த்தோம். என் கணவரை முன் சீட்டில் எப்போதும் உட்காரும்படி உட்காரச் சொல்லிவிட்டு, பின் சீட்டின் சாய்மானத்திலிருந்து முன் சீட்டின் முதுகு வரை தையல் டேப்பால் அளந்தேன். அந்த அளவுக்குள் எது அடங்குகிறதோ அதுதான் நம் சீட். மூன்றில் ஒன்றுதான் அடங்கியது. அதுவும் முன் சீட்டை இரண்டு படி முன்னால் நகர்த்திய பிறகு. விலை ஒன்பதாயிரத்துச் சொச்சம். மாடல் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் ஆல்டோவின் இருக்கைச் சரிவும் பக்கிள் இருக்கும் இடமும் வேறு. எனக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்தும் என்று நான் உறுதி சொல்ல முடியாது.

கடையில் வைத்துப் பார்க்கும்போது இதைச் செய்யுங்கள். சீட்டின் ஓரத்தில் பெல்ட் போகும் வழிக்கு நிறம் கொடுத்திருப்பார்கள். ஐரோப்பிய விதிப்படி செய்த சீட்டில் பின்னோக்கி வைக்க நீலம், முன்னோக்கி வைக்கச் சிவப்பு. நீல வழியில் பெல்ட்டை நுழைத்து பக்கிளை மாட்டுங்கள். ஒரு முழங்காலைச் சீட்டுக்குள் ஊன்றி, உடம்பின் கனத்தை அதில் இறக்கி, பெல்ட்டின் தொய்வை முழுக்க இழுத்து எடுங்கள். பிறகு பெல்ட் நுழையும் இடத்தில் சீட்டைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் அது பொருந்தவில்லை. கார் பக்கிளின் தண்டு சீட்டின் பிளாஸ்டிக் விளிம்பில் மடிந்து உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே மடிந்தால் பெல்ட் இறுகாது, மோதும்போது பக்கிள் உடைந்துவிடவும் கூடும். எங்களுக்குப் பிடித்திருந்த ஒரு சீட்டை இதனால்தான் விட்டோம்.

சாய்வு கோணத்தைச் சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள். எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங் சரிவானது. அங்கே சரியாகத் தெரிந்த சாய்வு, ரோட்டில் இறங்கியதும் நிமிர்ந்துவிட்டது, தூங்கும்போது குழந்தையின் தாடை நெஞ்சில் போய்ப் படிந்தது. பச்சைக் குழந்தைக்கு இது மூச்சை அடைக்கும். உங்கள் குழந்தைக்கு ஏழு மாதம், கழுத்து நின்றிருக்கும், அதனால் பிறந்த குழந்தை அளவுக்குச் சாய்க்க வேண்டியதில்லை. சின்ன காருக்கு இது நல்ல செய்தி. கோணம் நிமிர நிமிர நீளம் குறையும். பின்னோக்கி வைக்கும்போது இரண்டு மூன்று சாய்வு நிலை தருகிற சீட்டாகத் தேடுங்கள்.

எந்தப் பக்கம் வைப்பது? நாங்கள் இடது பக்கம், முன் பயணி சீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். ஓட்டுபவர் தன் சீட்டை நகர்த்த வேண்டியதில்லை, குழந்தையை ஏற்றி இறக்குவதும் ரோட்டோரப் பக்கம். முன் சீட்டில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பின்னோக்கி வைக்காதீர்கள். ஏர்பேக் விரிந்தால் நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் உள்ள பலகையைத்தான் அடிக்கும்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயம். காரில் இடம் இல்லை என்பதற்காகச் சீட்டைச் சீக்கிரம் முன்னோக்கித் திருப்பிவிடாதீர்கள். இங்கே கிடைக்கும் பல கன்வெர்டிபிள் சீட்டுகள் ஈசிஇ ஆர்44/04 என்ற ஐரோப்பிய விதிப்படி எடைக்கணக்கில் வருபவை. 13 கிலோ வரை பின்னோக்கி, 9 முதல் 18 கிலோ வரை முன்னோக்கி என்று போட்டிருக்கும். 9 என்ற எண்ணைப் பார்த்ததும் ஒரு வயதுக்கு முன்பே திருப்பிவிடுகிறார்கள். அதற்குப் பின் வந்த ஆர்129 விதி, அதாவது ஐ-சைஸ், 15 மாதத்துக்கு முன் முன்னோக்கி வைக்கவே கூடாது என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2018-இல், அந்தச் சீட் அனுமதிக்கும் எடையும் உயரமும் முடியும் வரை பின்னோக்கியே வைக்கச் சொல்லிவிட்டது. சிறு குழந்தைக்கு உடம்போடு பார்த்தால் தலைதான் கனம், கழுத்தெலும்பு இன்னும் இறுகியிருக்காது. முன்னோக்கி இருந்து மோதினால் உடம்பை வார் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பாயும், அந்த இழுப்பு முழுவதும் கழுத்தில். பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் பலகை ஒன்றாகத் தாங்கிவிடுகிறது.

நம் பிள்ளைகளில் பலர் 13 கிலோவைத் தொட இரண்டு வயது தாண்டிவிடும். என் மகனுக்கு இரண்டே கால் வயது, பதினொன்றரை கிலோ. தலை உச்சி இன்னும் சீட்டின் மேல் விளிம்புக்குக் கீழேதான் இருக்கிறது. கால் மடங்குகிறதே என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். சம்மணம் போட்டுச் சாமி மாதிரி உட்கார்ந்துகொள்கிறான், அவனுக்கு ஒன்றும் கஷ்டம் இல்லை.

வாங்கும்போது சீட்டின் முதுகில் ஆரஞ்சு நிற முத்திரை இருக்கிறதா பாருங்கள். வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும், எவ்வளவு எடை அல்லது உயரம் வரை என்பதும் இருக்கும். ஆர்44 சீட்டில் அனுமதி எண் 04 என்று தொடங்க வேண்டும். முத்திரை இல்லாத சீட் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் வேண்டாம். யாரோ பயன்படுத்தியதைத் தருகிறேன் என்றால், அது விபத்தில் சிக்காதது என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். சுழலும் 360 டிகிரி சீட்டுகள் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அவை கனம், பெரும்பாலும் ஐசோஃபிக்ஸ் கேட்பவை. உங்கள் காருக்குச் சரிவராது.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் சீட் கொண்டு வருகிறேன் என்று சொன்னால் ஒன்றை யோசியுங்கள். அங்குள்ள கார்களில் பெல்ட்டை முழுக்க இழுத்துவிட்டால் அப்படியே பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு, அங்கே விற்கும் பல சீட்டுகள் அதை நம்பிச் செய்தவை. நம் கார் பெல்ட் சடாரென்று இழுத்தால்தான் பிடிக்கும், மற்ற நேரம் தளர்ந்து தளர்ந்து வரும். சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்விப் பூட்டும் கிளிப் இருந்தால்தான் இங்கே உறுதியாக நிற்கும். என் நாத்தனார் டல்லாஸிலிருந்து ஆசையாகக் கொண்டு வரவிருந்ததை நான் வேண்டாம் என்றது இதனால்தான். கொஞ்சம் வருத்தப்பட்டார், விளக்கியதும் சரி என்றார்.

வீட்டில் சம்மதிக்க வைப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சின்ன காரில் அதுவும் இடப் பிரச்சினைதான். ஐந்து பேர் போகும் வண்டியில் ஒரு இடத்தைக் குழந்தையே எடுத்துக்கொள்ளும். முதல் நாள் அத்தை, “ஏங்கண்ணு, புள்ளையப் பொட்டில போட்டுக் கட்டி வெக்கறதா? குடு, நான் மடில வெச்சுக்கறேன்” என்றார். அன்று நான் வாதாடவில்லை. மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து கணக்காகச் சொன்னேன். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி மோதி நிற்பது, மூன்றாவது மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அந்த நேரத்தில் பத்து கிலோ குழந்தை கைக்கு நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். நூறு கிலோ அரிசி மூட்டையை எட்டிப் பிடிக்க நம் யாருக்கும் கை இல்லை, அத்தை. அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை கோபிக்குக் கிளம்பும்போது அவரே பின்னால் ஏறி, சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பின்னோக்கி இருப்பதால் குழந்தையின் முகம் அவரைப் பார்த்தபடிதான் இருக்கும். அவிநாசி வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள், கோபி வருவதற்குள் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். இப்போது நான் தோள் வாரை மாட்டிய பிறகு, வாரை இரண்டு விரலால் கிள்ளி மடிக்க வருகிறதா என்று பார்ப்பது அவர்தான். மடிக்க வந்தால் தளர்வு, இன்னும் இழுக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் ஆயிரம் ரூபாய் அபராதம்.

இரண்டு சின்ன விஷயங்கள். பின்னோக்கி இருக்கும்போது தோள் வார் குழந்தையின் தோளுக்கு நேராகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும், முன்னோக்கித் திருப்பிய பிறகு தோளுக்கு நேராகவோ சற்று மேலிருந்தோ. அப்புறம் வெயில். நிறுத்தி வைத்த காரில் பக்கிளின் இரும்பு நாக்கு சித்திரை மாதத்தில் கை வைக்க முடியாதபடி சுடும். ஒருமுறை என் மகன் தொடையில் பட்டு வீறிட்டுவிட்டான், சிவந்த தடம் மாலை வரை இருந்தது. அன்றிலிருந்து காரை விட்டு இறங்கும்போது சீட்டின் மேல் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறேன்.

உங்கள் ஆல்டோவில் பின் சாய்மானத்திலிருந்து முன் சீட்டின் முதுகு வரை எத்தனை செ.மீ., பின் பெல்ட் எவ்வளவு நீளம் வருகிறது, இந்த இரண்டையும் கருத்தில் எழுதுங்கள். என்னிடம் நான் அளந்து வைத்த மூன்று சீட்டின் கணக்கும் இருக்கிறது, ஒப்பிட்டுச் சொல்கிறேன்.