மிளகு போன வழி

அன்புள்ள ஐயா,

போன மாதம் மதுரையில் நீங்கள் மத்தியதரைக் கடல் பற்றிப் பேசியபோது கடைசி வரிசையில் இருந்தேன். மேலூர்க்காரன், முதுகலை வரலாறு படிக்கிறேன். துருக்கியரும் இத்தாலியின் வெனிஸ் நகரத்துக்காரரும் சண்டை போட்டுக்கொண்டே வியாபாரமும் செய்தார்கள் என்றீர்கள். 1571இல் கிரேக்கக் கரையோரம் நடந்த லெபாந்தோ கடற்போரை இரண்டு மதங்களின் மோதல் என்றுதான் நான் படித்திருக்கிறேன். எது சரி? அப்புறம், அந்தக் கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

மேலூர் வாசகர்

அன்புள்ள தம்பி,

லெபாந்தோவில் மதமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். போப்பாண்டவர் கூட்டிய அணி அது, ஸ்பெயினும் வெனிஸும் சேர்ந்திருந்தன, அக்டோபர் 7 அன்று ஒரே பகலில் துருக்கியக் கப்பற்படையில் பெரும்பகுதி அழிந்தது. ஆனால் அதற்கு அடுத்த இரண்டு வருடங்களைப் பாருங்கள். மறு வருடமே துருக்கியர் புதுக் கப்பல்களோடு கடலில் நின்றார்கள். 1573இல் வெனிஸ் கூட்டாளிகளைக் கைவிட்டுத் தனியாகச் சமாதானம் பேசி, சைப்ரஸ் தீவையும் விட்டுக்கொடுத்து, மேற்கொண்டு 3 லட்சம் டுகாட் (வெனிஸின் தங்கக் காசு) கட்டவும் ஒப்புக்கொண்டது. ஜெயித்தவன் பணம் கட்டுகிறான்! ஏனென்றால் வெனிஸின் பிழைப்பு எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா போன்ற துறைமுகங்களில் இருந்தது, அவை சுல்தானின் கையில் இருந்தன.

செங்கடல் வழியாக அந்த அலெக்ஸாண்ட்ரியாவுக்குப் போய்ச் சேர்ந்தது நம் மேற்குக் கரை மிளகு. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு, போர்ச்சுகீசியர் செங்கடல் வழியை அடைக்கப் பார்த்தார்கள். இந்தியாவில் அவர்களுடைய ஆளுநராக இருந்த அல்புகர்க் 1513இல் செங்கடல் வாசலில் உள்ள ஏடன் துறைமுகத்தைத் தாக்கினார், பிடிக்க முடியவில்லை. போர்ச்சுகீசியரும் கிறிஸ்தவர், வெனிஸ்காரரும் கிறிஸ்தவர், ஆனால் அந்த வழி அடைபட்டால் வயிற்றில் அடி விழுவது வெனிஸுக்குத்தான். எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் போர்ச்சுகீசியரை எதிர்க்கக் கப்பல் கட்டியபோது மரம் அனுப்பியவர்கள் துருக்கியர், அந்த எகிப்தையே 1517இல் பிடித்துக்கொண்டவர்களும் துருக்கியர்தான். மதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கும்.

கீழமாசி வீதியில் என் பெரியப்பா வற்றல் மண்டி வைத்திருந்தார். பக்கத்து மண்டிக்காரரோடு ஒரு சுவருக்காக வருடக்கணக்கில் வழக்கு. ஆனால் சரக்கு குறைந்த நாளில் இரண்டு மூட்டை அங்கிருந்துதான் வரும், சாயங்காலம் கணக்குத் தீர்ந்துவிடும். இதைச் சின்ன வயதில் பார்த்ததால் வெனிஸின் 1573 முடிவு எனக்குத் துரோகமாகத் தெரியவில்லை.

நமக்கு என்ன சம்பந்தம் என்று கேட்டீர்களே, இன்னொன்றும் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸ் பயணி மார்கோ போலோ பாண்டிய நாட்டுக்கு வந்தார். முத்துக்குளிப்பையும், காயல் துறையில் (இன்றைய பழையகாயல்) அரபுக் குதிரைகள் இறங்குவதையும், அரசர்கள் அவற்றுக்குக் கொட்டிக் கொடுப்பதையும், பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப்போவதையும் சொல்லியிருக்கிறார். எங்கே உட்கார்ந்து சொன்னார் தெரியுமா? இத்தாலியின் இன்னொரு வியாபார நகரமான ஜெனோவாவின் சிறையில், 1298இல். வெனிஸுக்கும் ஜெனோவாவுக்கும் நடந்த போரில் கைதாகி, கூடச் சிறையில் இருந்த ருஸ்திச்செல்லோ என்ற எழுத்தாளர் எழுதிக்கொள்ளச் சொன்னது அது. அந்த இரண்டு ஊருக்கும் ஒரே மதம், சண்டை கிழக்கத்திய வியாபாரத்துக்காக. அந்தப் போட்டியில் ஒருவர் சிறைப்பட்டதால்தான் நம் குதிரைக் கதை ஏட்டில் ஏறியது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடி பஸ் ஏறி, அங்கிருந்து பழையகாயலுக்குப் போய்வாருங்கள். கடல் இப்போது தள்ளிப் போய்விட்டது. குதிரைகள் இறங்கிய துறை எங்கே இருந்திருக்கும் என்று தாமிரபரணிக் கரையில் நின்று பாருங்கள், பார்த்துவிட்டு எழுதுங்கள்.