பெரிய லீக்குக்கு வராமலே போன, ஆனால் எதிர்த்து ஆடியவர்களால் மறக்க முடியாத ஆட்டக்காரர் யார்?

ஸ்டீவ் டால்கோவ்ஸ்கி. பேஸ்பால் பார்க்காதவர்களுக்குப் பெயரே புதிதாக இருக்கும். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் பந்து வீசியதில்லை. 1957-லிருந்து 1965 வரை அதற்குக் கீழே உள்ள மைனர் லீக் ஊர்களிலேயே அவர் காலம் முடிந்துவிட்டது.

எனக்கு அவரைப் பற்றிச் சொன்னவர் கனெக்டிகட்டில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த பெரியவர். அறுபதுகளின் தொடக்கத்தில் ஈஸ்டர்ன் லீக் என்ற மைனர் லீக்கில் கொஞ்ச காலம் ஆடியிருக்கிறார். இனி மேலே போக வழியில்லை என்று தெரிந்ததும் காப்பீட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் கிரிக்கெட் பைத்தியம் என்று தெரிந்த நாளிலிருந்து, புல் வெட்ட வெளியே வந்தாலே என்னைப் பிடித்துக்கொள்வார். டால்கோவ்ஸ்கியும் இதே மாநிலத்துக்காரர்தான், நியூ பிரிட்டனில் பிறந்து வளர்ந்தவர்.

கிரிக்கெட் ஆட்களுக்கு ஒரு விஷயம் சொன்னால்தான் இது புரியும். நம் ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் தரையில் குத்தி, கொஞ்சம் வேகம் குறைந்து வரும். பேஸ்பாலில் குத்தாமல் நேராக வருகிறது. வீசுபவருக்கும் மட்டைக்காரருக்கும் நடுவே 18.44 மீட்டர்தான், அதாவது பிட்சை விடவும் குறைவு. அந்தக் காலத்து ஹெல்மெட்டுக்கு முகக்கவசம் கிடையாது. அப்படி ஓர் இடத்தில் நிற்கும்போது எதிரே இருப்பவர் தடித்த கண்ணாடி போட்ட, ஆறடிகூட இல்லாத இடதுகை இளைஞர். பந்து எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் அவருடைய கணக்கைப் பார்க்கலாம். முதல் வருஷம் டென்னசியில் கிங்ஸ்போர்ட் அணிக்கு 62 இன்னிங்ஸ் வீசினார். (பேஸ்பாலில் எதிரணியின் மூன்று பேர் அவுட் ஆனால் வீசுபவருக்கு ஒரு இன்னிங்ஸ் முடிந்தது; ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது.) ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக் விழுந்து மட்டைக்காரர் அவுட் ஆவது, 121. வாக் 129. (மட்டைக்காரர் அடிக்காமல் விட்ட நாலு பந்து, அடிக்கத் தக்க பகுதிக்கு வெளியே போனால் மட்டைக்காரர் முதல் பேஸுக்குச் சும்மா நடந்து போகலாம், அதுதான் வாக்.) அந்த வருஷமே ஓர் ஆட்டத்தில் 24 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தும் 18 வாக் கொடுத்து 8-4 என்று தோற்றார். 1960-ல் கலிபோர்னியாவின் ஸ்டாக்டனில் 170 இன்னிங்ஸ்: ஸ்ட்ரைக் அவுட் 262, வாக்கும் சரியாக 262!

பலரும் இந்த எண்களைச் சொல்லிச் சிரித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். எதிர்த்து நின்ற எங்கள் பெரியவர் சொன்னது வேறு. டால்கோவ்ஸ்கி வீசுகிறார் என்றால் அன்றைக்கு யாருக்கும் அடிக்கும் யோசனையே இருக்காதாம். மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சும்மா நின்றால் போதும், பாதி நேரம் வாக் கிடைத்துவிடும். அடிக்கவே முடியாத ஒருவரைத் தோற்கடிக்க அந்த ஒரு வழிதான் இருந்தது. பயம் இருந்தது, ஆனால் கோபம் இல்லை என்பார். வேண்டுமென்றே யாரையும் குறிவைத்து அடிக்கிற ஆள் இல்லை என்று எல்லா அணியினருக்கும் தெரியும். பந்து யார் மேலாவது பட்டுவிட்டால் அவருக்கே கை நடுங்கிவிடுமாம்.

1962-ல் அந்த வழியும் அடைபட ஆரம்பித்தது. அந்த வருஷம் ஈஸ்டர்ன் லீக்கின் எல்மைரா அணியில் அவருக்கு மேனேஜராக வாய்த்தவர் எர்ல் வீவர், பின்னால் மேஜர் லீக் அணியான பால்டிமோர் ஓரியோல்ஸை பட்டத்துக்கான உலகத் தொடர் வரை கொண்டுபோனவர். அதுவரை ஆளுக்கொரு யோசனை சொல்லி டால்கோவ்ஸ்கியின் தலையை நிரப்பியிருந்தார்கள். வீவர் அதையெல்லாம் நிறுத்தினார். ஃபாஸ்ட்பால், பக்கவாட்டில் விலகும் ஸ்லைடர் இரண்டு போதும். நிதானமாக நடுவில் போடு. இரண்டு ஸ்ட்ரைக் விழுந்ததும் நான் விசில் அடிக்கிறேன், அப்போது உன் முழு வேகத்தையும் காட்டு. அவ்வளவுதான் பாடம். அந்த சீசனில் 160 இன்னிங்ஸ், 192 ஸ்ட்ரைக் அவுட், 114 வாக், எதிரணிக்கு ஒரு ரன்கூடத் தராத ஷட்அவுட் ஆறு. வாக் இன்னும் அதிகம்தான், ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் இருந்த ஆள் இல்லை.

எங்கள் பெரியவர் அந்த சீசனின் இரண்டாம் பாதியில் எதிர்த்து நின்றிருக்கிறார். வழக்கம்போல வாக்குக்காகக் காத்து நின்றாராம். மூன்று பந்தும் நடுவில் வந்தன, மட்டையை அசைக்காமலே திரும்பி வந்தார். அணியினர் உட்காரும் டக்அவுட்டில் ஒருவரும் கேலி செய்யவில்லை, அடுத்துப் போக வேண்டியவர்கள் எப்படிக் கேலி செய்வார்கள்?

அப்புறம் நடந்தது எல்லோரும் எழுதிய கதை. 1963 மார்ச்சில் ஓரியோல்ஸ் அணியில் இடம் கிட்டத்தட்ட உறுதி. நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு எதிரான பயிற்சி ஆட்டத்தில் முழங்கையில் ஏதோ விட்டுப்போனது. அதற்குமேல் பழைய வேகம் வரவே இல்லை. ஆட்டம் போனபின் கலிபோர்னியா பண்ணைகளில் கூலி வேலை, குடி. கடைசியில் சொந்த ஊரிலேயே ஒரு பராமரிப்பு இல்லத்தில் பல வருஷம் இருந்து, 2020 ஏப்ரலில் கோவிட்டில் 80 வயதில் இறந்தார்.

உண்மையில் எவ்வளவு வேகம்? 1958-ல் மேரிலாந்தின் அபர்டீன் ராணுவ மையத்தில் அளந்தார்கள். மணிக்கு 93.5 மைல், அதாவது 150 கிலோமீட்டர். ஆனால் அவர் முந்தைய நாள்தான் ஓர் ஆட்டம் வீசியிருந்தார், வீசுபவர் வழக்கமாக நிற்கும் மண்மேடு கிடையாது, கருவியின் கண்ணில் படும்படி ஒரு பந்து போகவே சுமார் நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. அந்த எண்ணை நான் நம்பவில்லை. அவருக்கு கேட்சராக (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) இருந்த கால் ரிப்கன் சீனியர் 110 மைலுக்கு மேல் என்று சொல்லியிருக்கிறார், அதையும் நம்பவில்லை. 2010-ல் மேஜர் லீக் வீச்சாளர் அரோல்டிஸ் சாப்மன் வீசியதே சுமார் 170 கிலோமீட்டர்தான், அதுவே இன்றுவரை பேசப்படுகிறது. டால்கோவ்ஸ்கி அதன் பக்கத்தில் எங்கோ இருந்திருப்பார் என்பது என் ஊகம்.

இன்றைக்கு இருந்தால் அவரைக் கடைசி ஒரு இன்னிங்ஸுக்கு மட்டும் வீச வைத்துக் கோடீஸ்வரர் ஆக்கியிருப்பார்கள் என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்பது இன்னிங்ஸும் நின்று எங்களை உரித்தவரை ஒரு இன்னிங்ஸ் ஆள் ஆக்கிவிட்டாயே என்று என் மேல்தான் கோபப்பட்டார்.