சித்தப்பா அனுப்பிய ஜெனரல் பவர்: கையெழுத்துப் போடலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. நைனா போன வருஷம் காலமாகிவிட்டார். காட்பாடியில் அவர் சம்பாத்தியத்தில் வாங்கிய ஒரு மனை இருக்கிறது. அம்மா, அண்ணன், நீங்கள் என்று மூன்று பேர் வாரிசு. நீங்கள் சிங்கப்பூர் வந்து சில மாதம்தான் ஆகிறது. மனையை விற்கலாம் என்று வீட்டில் பேசி, சித்தப்பா ஒரு ஜெனரல் பவர் (உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் எல்லா வேலையும் செய்ய அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) வரைவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். கையெழுத்துப் போட்டால் சொத்து கையை விட்டுப் போய்விடுமா, ஊருக்கு வராமலே வேலை முடியுமா என்று கேட்கிறீர்கள்.

வராமலே முடியும். பவர் கொடுத்த உடனே சொத்தும் கைமாறிவிடாது. ஆனால் அந்த வரைவில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பவர் வாங்கியவர் சொத்துக்குச் சொந்தக்காரர் இல்லை, உங்களுக்காகக் கையெழுத்துப் போடும் ஏஜென்ட். பவரைக் காட்டி மனை வாங்கினால் உரிமை வராது, பதிவான கிரயப் பத்திரம் வேண்டும் என்று 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதைக் கேட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். விற்கும் அதிகாரம் பெற்ற ஏஜென்ட் முறைப்படி கிரயம் செய்து கொடுத்தால் அது உங்களைக் கட்டுப்படுத்தும். பிறகு ஏஜென்டிடம் கணக்குக் கேட்டு வழக்குப் போடலாம். விவரம் தெரியாமல் பணம் கொடுத்து வாங்கியவரிடமிருந்து மனையை மீட்பது குதிரைக்கொம்பு.

அதனால் எல்லாமே பத்திரத்தின் வாசகத்தில்தான் இருக்கிறது. நீதிமன்றங்கள் பவர் பத்திரத்தை இறுக்கமாகத்தான் படிக்கும். எழுதாத அதிகாரத்தை ஊகித்துக் கொடுக்காது. விலை பேச அதிகாரம் என்றால் விற்க அதிகாரம் ஆகாது. நீங்கள் அனுப்பிய வரைவில் விற்க, அடமானம் வைக்க, தான செட்டில்மென்ட் எழுத, கடன் வாங்க, வழக்கு நடத்த, பணம் பெற, "இன்னும் தேவையான அனைத்தும் செய்ய" என்று வரிசையாக இருக்கிறது. சித்தப்பாவைச் சந்தேகப்பட வேண்டாம். பல பத்திர எழுத்தர்களிடம் ஒரே மாதிரிப் படிவம்தான் இருக்கும், பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள். ஆனால் உங்களுக்கு வேண்டியது இந்த மனையில் உங்கள் பங்கை விற்று, அந்தக் கிரயத்தைப் பதிவு செய்வது மட்டும்தான். அதற்கு, குறிப்பிட்ட ஒரு வேலைக்கு மட்டும் கொடுக்கும் ஸ்பெஷல் பவர் போதும். அடமானம், தானம், கடன் மூன்றையும் அடித்துவிடுங்கள். குறைந்தபட்ச விலையையும், பவர் எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். உங்கள் பங்குத் தொகை உங்கள் என்ஆர்ஓ கணக்குக்கே (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வருமானத்துக்கு இந்திய வங்கியில் வைக்கும் கணக்கு) வர வேண்டும் என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். "திரும்பப் பெற இயலாத பவர்", "பிரதிபலன் பெற்றுக்கொண்டு" என்ற சொற்கள் எங்காவது தென்பட்டால் எடுக்கச் சொல்லுங்கள். ஏஜென்டுக்கே அந்தச் சொத்தில் பாத்தியம் இருப்பதாக ஆகிவிட்டால், 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 202ஆம் பிரிவுப்படி அதை ரத்து செய்வது பெரும்பாடு.

இன்னொன்று, நீங்கள் கொடுப்பது உங்கள் பங்குக்கு மட்டும். உயில் இல்லை என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூன்று பேருக்கும் சம பங்கு. நைனாவின் அம்மா உயிரோடு இருந்தால் அந்தப் பாட்டிக்கும் ஒரு பங்கு உண்டு. முதலில் தாலுக்கா ஆபீஸில் வாரிசுச் சான்று வாங்கச் சொல்லுங்கள். சொத்து விவரத்தில் சர்வே நம்பர், நான்கெல்லை, சதுர அடி எல்லாம் மூலப்பத்திரத்தில் உள்ளபடியே இருக்கட்டும். நம்ம பக்கத்துப் பழைய பத்திரங்களில் "வட ஆற்காடு மாவட்டம்" என்றுதான் இருக்கும். இன்றைய வேலூர் மாவட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஆற்காடு, வாலாஜா பக்கத்துச் சொத்தாக இருந்தால் 2019க்குப் பிறகு ராணிப்பேட்டை மாவட்டம் என்று வரும்.

யாருக்குக் கொடுப்பது? என்னைக் கேட்டால் அண்ணனுக்கு. அவர் பங்கும் அதே விலைக்குத்தான் போகிறது, அடிமாட்டு விலைக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்.

கையெழுத்து கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில், அதிகாரி முன்னிலையில். பாஸ்போர்ட்டோடு நேரில் போக வேண்டும். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகாதீர்கள். உள்ளூர் நோட்டரியிடம் போட்டு, சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லா வழியாக அப்போஸ்டில் (பத்திரம் வெளிநாட்டிலும் ஏற்கப்படுவதற்கான சான்று) வாங்கும் வழியும் இருக்கிறது. ஆனால் நம்ம ஊர்ப் பத்திர ஆபீஸில் தூதரக முத்திரைக்குக் கேள்வி குறைவு.

அசல் ஊருக்குப் போனதும் அடுத்த வேலை. வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். முத்திரைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு இது. காட்பாடிச் சொத்து என்றால் வேலூர் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அட்ஜுடிகேஷன், அதாவது எவ்வளவு தீர்வை என்று முடிவு செய்து கட்டி முத்திரை பெறும் வேலை, செய்ய வேண்டும். வந்த தேதிக்கு ஆதாரமாக கூரியர் கவரையும் ரசீதையும் அண்ணன் பத்திரமாக வைக்கட்டும். பலர் கவரைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு அலைகிறார்கள். கிரயத்தன்று நீங்கள் உயிரோடு இருப்பதற்கான சான்றும் கேட்பார்கள். எரிச்சல் வேண்டாம், பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் முடிந்துவிடும் என்பதால் கேட்பது.

மனம் மாறினால் ரத்து செய்யலாம். ரத்துப் பத்திரம் எழுதுவதோடு நிற்காமல் அண்ணனுக்கும், விலை பேசிய ஆளுக்கும், சார்பதிவாளருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரியாமல் நம்பி வாங்கியவரைச் சட்டம் காப்பாற்றும்.

இங்கே லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி என்று ஒன்றைக் கேள்விப்படுவீர்கள். அது ஒருவர் மனத்திறன் இழந்த பிறகு நடைமுறைக்கு வருவது. நம்ம ஊர்ப் பவர் நேர்மாறு, கொடுத்தவருக்குச் சித்தம் கலங்கினால் அதோடு முடிந்தது. அம்மாவிடம் ஒரு பவர் வாங்கி வைத்துக்கொண்டால் பின்னால் உதவும் என்று எண்ணியிருந்தால், அவர் நினைவிழந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அந்தக் காகிதம் செல்லாது. அப்போது நீதிமன்றம்தான் போக வேண்டும்.

வாங்குகிறவர் தயாராக இருந்து, கிரயத் தேதியும் உறுதியானால், இத்தனை காகிதமும் இல்லாமல் நீங்களே ஒரு வார லீவில் வந்து போடுவதைத்தான் நான் விரும்புவேன். சென்னைக்கு நாலு மணி நேர விமானம், அங்கிருந்து காட்பாடிக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். தேதி இழுத்துக்கொண்டே போனால் பவர். எதுவானாலும், இன்று சித்தப்பாவுக்குப் போன் போட்டு, "ஸ்பெஷல் பவராக மாத்தி, அண்ணன் பேருக்கு எழுதி அனுப்புங்க சித்தப்பா, தூதரகத்துல போட்டு அனுப்புறேன்" என்று சொல்லிவிடுங்கள். புது வரைவு வந்ததும் காட்பாடியில் ஒரு வக்கீலிடம் காட்டிய பிறகு தூதரகத்துக்குப் போங்கள்.